ஆன்சைட் தேதி குறிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, பெங்களூரிலிருந்து ஊழியர்களைக் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு அனுப்பும் மென்பொருள், பொறியியல் நிறுவனங்களின் மனிதவளத் துறையினருக்கும் ப்ராஜெக்ட் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிறிய ஊரிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தின் வழியாக இங்கே ஆன்சைட், அதாவது கிளையண்ட் எனப்படும் வாடிக்கையாளர் நிறுவனத்தின் இடத்திலேயே வேலை பார்க்க வந்தவர். மகள் இந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். மகன் கிட்டாவுக்குப் போகிறான். பள்ளி வயது வராத பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்கு இங்கே அதுதான் பெயர். சிண்டல்ஃபிங்கன், போப்ளிங்கன் என்று இந்தப் பக்கம் முழுக்கக் கார் தொழிலை ஒட்டி வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பிள்ளைகளோடு போக்கிடம் விளையாட்டுத் திடல்தான். அங்கே அம்மாக்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இரண்டு தேதிகளில் வந்து நிற்கும். எப்போது வரச் சொன்னார்கள், எப்போது திரும்பச் சொல்வார்கள். அந்த இரண்டையும் குறிப்பவர்கள் நீங்கள்.

அந்தத் தேதிகளைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க வந்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் உள்ள ஊழியரை அனுப்பும்போதும் திரும்ப அழைக்கும்போதும் அந்தப் பிள்ளைகளின் ஆண்டு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதையும் பார்த்து முடிவெடுங்கள். கிளையண்டுக்கு எப்போது ஆள் வேண்டும் என்று பார்க்கிறீர்கள், விசா எப்போது வரும் என்று பார்க்கிறீர்கள். மூன்றாவதாக இதையும் பாருங்கள். இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கிருந்து பார்த்தால் தெரியாது. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களில் இங்கே பிள்ளை வளர்த்தவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில், வரும் தேதி.

ஜெர்மனியில் ஒரு வயது நிரம்பிய குழந்தைக்குக் காப்பக இடம் பெறச் சட்டப்படி உரிமை உண்டு. 2013 ஆகஸ்ட் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஊரில் இருக்கும்போதே இதைக் கேள்விப்பட்டு, பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை என்று நிம்மதியாகக் கிளம்பி வருகிறவர்கள் பலர். உரிமை இருக்கிறது, இடம்தான் இருப்பதில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவர்கள் போதாததால் பல ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் நீண்டு கிடக்கிறது. எங்கள் மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் இன்னொரு விதியும் உண்டு. எந்தத் தேதியிலிருந்து இடம் வேண்டும் என்பதை அதற்கு ஆறு மாதம் முன்பே நகராட்சிக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

இதை உங்கள் பக்கத்து நடைமுறையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒருவரை அனுப்பலாம் என்று பேச்சு எழுந்து, கிளையண்ட் சரி சொல்லி, பட்டச் சான்றிதழ்கள் சேர்த்து, விசாவுக்கு நேரம் வாங்கி முடிப்பதற்குள் எப்படியும் சில மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த மாதங்களில் குடும்பத்துக்கு உறுதியாக எதுவும் சொல்லப்படுவதில்லை. எந்த நகரம் என்பதுகூடக் கடைசியில்தான் தெரிய வருகிறது. விசா கைக்கு வந்ததும் எல்லாம் அவசரமாகிவிடும். ஆறு மாதம் முன்பே பதிவு செய்திருக்க வேண்டிய பிள்ளை, இங்கே வந்து இறங்கிய பிறகுதான் வரிசையில் போய் நிற்கிறது. எல்லாம் முடிவானால்தான் சொல்வோம் என்று காத்திருக்காமல், இந்த நகரம், ஏறக்குறைய இந்த மாதம் என்ற அளவிலாவது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடிவரப் போகிறவர்களின் பெயரை முன்னதாகவே பதிந்துகொள்ளும் ஊர்கள் இருக்கின்றன. ஊர் பெயர் தெரிந்தால்தான் அதைச் செய்ய முடியும்.

பெரிய பிள்ளைகள் கிட்டாவை விட்டுப் பள்ளிக்குப் போவது ஆகஸ்ட், செப்டம்பரில். இடங்கள் பெரும்பாலும் அப்போதுதான் காலியாகும். ஆகவே கோடையின் முடிவில் வந்து சேரும் குடும்பத்துக்கும் ஜனவரியில் வந்து சேரும் குடும்பத்துக்கும் இங்கே கிடைக்கும் வாழ்க்கையே வேறு. ஜனவரியில் வருபவர்கள் இருட்டில் வருகிறார்கள். மாலை ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். பிள்ளையும் அம்மாவும் ஒரு சின்ன அறைக்குள், அடுத்த செப்டம்பருக்காகக் காத்திருக்க வேண்டும். ஊழியர் ஜனவரியில் வந்தே ஆக வேண்டும் என்றால் வரட்டும். குடும்பம் கோடையில் வந்து சேர்ந்துகொள்ளும் என்றால் டிக்கெட்டையும் படிகளையும் அதற்கேற்பத் தள்ளிவைக்க இடம் கொடுங்கள். ஊழியர் கிளம்பி இத்தனை நாளுக்குள் குடும்பமும் வராவிட்டால் டிக்கெட் செலவு தர முடியாது என்ற ஒரு விதியால், பிள்ளைக்கு மிகவும் ஆகாத மாதத்தில் வந்து இறங்கும் குடும்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் வீடு. இரண்டு வாரம், நான்கு வாரம் என்று ஒரு தற்காலிக அறை தருகிறீர்கள். தனியாள் என்றால் அது போதும். இங்கே ஒரு வீட்டில் குடிபுகுந்தால் இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்திட்ட உறுதிச் சான்று வேண்டும். குறுகிய கால அறைகளை நடத்துபவர்களில் பலர் அந்தச் சான்றைத் தருவதில்லை. முகவரி பதியாமல் பெரும்பாலான காகிதங்கள் நகராது. நிரந்தர வீடு தேடலாம் என்றால், முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. பல வீடுகளில் சமையலறை என்பது வெறும் நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான்; அடுப்பு, அலமாரி, தொட்டி எல்லாம் நாமே வாங்கிப் பொருத்த வேண்டும். முதல் சம்பளம் வருவதற்கு முன்பே இவ்வளவும். குடும்பத்தோடு வருபவர்களுக்கு முகவரி பதிய முடிகிற ஒரு வீட்டை மூன்று மாதத்துக்கு எடுத்துக் கொடுங்கள். முன்பணத்தைக் கடனாகத் தந்து சம்பளத்தில் மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு வார அறையை விட இது உங்களுக்குக் கூடுதல் செலவுதான். ஆனால் அந்த ஊழியர் முதல் மூன்று மாதமும் வேலை நேரத்தில் வீட்டு விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை வராது.

சரி, இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நம் ஊர் ப்ளேஸ்கூல் போல முதல் நாளே வாசலில் விட்டுவிட்டு வந்துவிட முடியாது. பல கிட்டாக்கள் பெர்லின் முறை என்ற ஒன்றைப் பின்பற்றுகின்றன. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு உள்ளேயே ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருக்க வேண்டும். பிரிந்து பார்ப்பது நான்காம் நாள்தான், அதுவும் அரை மணி நேரத்துக்குள். நான்காம் நாள் திங்கள்கிழமையில் விழுந்தால் செவ்வாய்க்குத் தள்ளிவிடுவார்கள்; இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு அன்றைக்குப் பிரிவது கடினம் என்பதால். அழுகை அடங்காவிட்டால் இன்னும் சில நாள் பெற்றோர் கூடவே இருக்க வேண்டும். பிறகு ஒரு மணி, இரண்டு மணி, மதியச் சாப்பாடு வரை, தூங்கி எழும் வரை என்று கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை நீட்டுவார்கள். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். மொழி தெரியாத பிள்ளைக்கு இன்னும் கூடும்.

எனக்கு இந்த முறை ரொம்பப் பிடித்திருக்கிறது. கதறக் கதறப் பிள்ளையை வாசலில் வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை விட இது நூறு மடங்கு மேல். என் மகன் குழுவின் ஆசிரியை ஒரு தாளில் என்னிடம் தமிழ்ச் சொற்களைக் கேட்டு ஜெர்மன் எழுத்தில் குறித்துக்கொண்டார். தண்ணி, பசி, உச்சா, வலி, அம்மா வருவாங்க. அந்தத் தாள் சமையலறைக் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. அவன் அழும்போது அவர் அதைப் பார்த்து அம்மா வருவாங்க என்று வாசித்ததைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டேன். அவ்வளவு அக்கறையான மனிதர்கள். ஆனால் இந்த முறை முழுவதும் ஒரு பெற்றோர் சில வாரங்களுக்குக் கையில் இருப்பார் என்பதை நம்பியே நடக்கிறது. ஜெர்மன் குடும்பங்களில் பெற்றோருக்கான விடுப்பில் இருக்கும் ஒருவர் இதைச் செய்கிறார். நம் குடும்பத்தில் அப்பா கிளையண்ட் அலுவலகத்தில், புதுப் ப்ராஜெக்ட்டின் முதல் மாதத்தில் இருக்கிறார். கைக்குழந்தையும் இருக்கிற வீட்டில் அம்மா எதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்? பாட்டி இருந்தால் பார்த்துக்கொள்வார். பாட்டிக்கு ஷெங்கன் விசா 180 நாளில் 90 நாள்தான் தரும், அதையும் பிரசவத்துக்காகச் சேர்த்து வைத்திருப்பார்கள்.

ஆகவே இதை ஒரு தனிக் கோரிக்கையாகவே வைக்கிறேன். பிள்ளை கிட்டாவில் சேரும் அந்தச் சில வாரங்களுக்கு, அப்பாவுக்குக் காலை நேரத்தை விடுவித்துக் கொடுங்கள். மதியத்துக்கு மேல் வேலை பார்க்கட்டும். தொடக்கக் காலத் திட்டத்திலேயே இதை எழுதி கிளையண்டிடம் சொல்லிவிடுங்கள். ஜெர்மன் கிளையண்ட் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். அவருடைய குழுவில் இருக்கும் பெற்றோர் பலரும் இதையே செய்தவர்கள். கேட்பதற்குத் தயங்குவது நம் பக்கத்தில்தான்.

மருத்துவம் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 1 முதல், தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்குச் சான்று இல்லாமல் கிட்டாவில் சேர்க்க மாட்டார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இரண்டு ஊசிக்கான சான்று வேண்டும். நம் ஊர் மருத்துவமனை அட்டைகளில் ஊசியின் வணிகப் பெயர் கையெழுத்தில் கிறுக்கியிருக்கும், தேதி மங்கியிருக்கும், இங்குள்ள மருத்துவர் அதை வைத்துக்கொண்டு திணறுவார். தோளில் இருக்கும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு என்ன என்று கேட்பார்கள். இங்கே 1998 முதல் அந்த ஊசியைப் பரிந்துரைப்பதில்லை. கிளம்பும் முன்பே பிள்ளை மருத்துவரிடம் ஊசிகளின் பொதுப் பெயரையும் தேதியையும் தட்டச்சு செய்து, கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். உங்கள் பயண வழிகாட்டிக் கோப்பில் ப்ளக்கின் வடிவம், ரயில் பாஸ், சிம் கார்டு எல்லாம் இருக்கிறது. இந்த ஒரு வரியையும் சேர்த்தால் எத்தனையோ பேருக்கு உதவும்.

காப்பீடு இதைவிடப் பெரியது. இந்தியாவில் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொண்டே அனுப்பும்போது பயணக் காப்பீடு எடுத்துத் தருகிறீர்கள். அவற்றில் பலவும் திடீர் நோய்க்கானவை. பிள்ளைக்குக் குறித்த வயதுகளில் செய்யும் வழக்கமான பரிசோதனை, தடுப்பூசி, பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கே வந்து பார்க்கும் மருத்துவச்சி போன்றவை அவற்றில் அடங்குவதில்லை. இங்குள்ள பொது மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் ஊழியருக்கு இவை எல்லாம் உண்டு, வேலைக்குப் போகாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனிக் கட்டணமும் இல்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்தக் காப்பீட்டில் உள்ள பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 15 வேலை நாட்கள் விடுப்பு என்று 2024, 2025 ஆண்டுகளுக்கு நிர்ணயித்தார்கள். கிட்டாவின் முதல் குளிர்காலத்தில் அந்த நாட்கள் எப்படித் தேவைப்படும் என்று எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார். சளி விட்டால் வயிற்றுப்போக்கு, அது விட்டால் காது வலி. காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுதாகக் கழிந்தால்தான் திரும்ப அனுப்பலாம் என்பது பல கிட்டாக்களின் விதி. பக்கத்து மேசையில் இருக்கும் ஜெர்மன் சகஊழியர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வரி எழுதிவிட்டு வீட்டில் இருந்துவிடுவார். நம்மவர் தன் வருடாந்திர விடுப்பில் கை வைக்க வேண்டும், அதற்கும் இந்திய நேரப்படி மேலாளரின் ஒப்புதல் வேண்டும். ஒரே அறை, ஒரே வேலை. பயணக் காப்பீட்டில்தான் அனுப்ப வேண்டும் என்றால், பிள்ளைகளுக்கான பரிசோதனையும் தடுப்பூசியும் அடங்கிய ஒன்றை எடுங்கள், நோயுற்ற பிள்ளைக்கான விடுப்பை நீங்களே அறிவியுங்கள்.

படித்தொகை கணக்கிலும் ஒன்று திருத்த வேண்டும். ஜெர்மனி என்று ஒரே தொகை வைத்திருக்கிறீர்கள். பெர்லினில் 2018 ஆகஸ்ட் முதல் கிட்டாவுக்குக் கட்டணமே இல்லை, சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 23 யூரோ. ஹம்பர்க்கில் நாளுக்கு ஐந்து மணி நேரம் இலவசம். எங்கள் மாநிலத்தில் ஊருக்கு ஊர் கட்டணம் வேறு, சின்னக் குழந்தை என்றால் பல நூறு யூரோ வரை போகும். படித்தொகையும் ஊருக்கேற்ப இருக்கட்டும்.

இனி எழுதப் போவது என்னைப் போன்ற பெண்களைப் பற்றி. டிபெண்டன்ட் விசா என்ற பெயரில் இங்கே வந்திருப்பவர்களில் பலர் உங்கள் நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள். டெஸ்டிங், சப்போர்ட், டிசைன் என்று ஐந்தாறு ஆண்டு உழைத்துவிட்டு, கணவருக்கு ஆன்சைட் வந்ததும் ராஜினாமா செய்துவிட்டு வந்தவர்கள். கணவரும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் இருந்தாலும், ஒருவரை அனுப்பும்போது மற்றவருக்கு நீண்ட ஊதியமில்லா விடுப்பு தர வழியில்லை என்று கைவிரிக்கிறார்கள். ஜெர்மன் சட்டம் எங்களை வேலை செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊழியரின் குடும்பமாகக் குடியிருப்பு அனுமதி பெற்று வருபவர்கள் இங்கே வேலைக்குப் போகலாம். நடுவில் நிற்பது கிட்டா இடமும் மொழியும். இடம் கிடைக்கும் வரை மொழி வகுப்புக்குப் போக முடியாது, மொழி வராமல் வேலை தேட முடியாது, இரண்டும் கூடி வரும் நேரத்தில் திரும்பச் சொல்லி அழைப்பு வந்துவிடுகிறது. ஊருக்குப் போனால் பணி அனுபவத்தில் மூன்று ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளி உண்டாகக் காரணமான அதே நிறுவனத்தின் நேர்காணலில் அதற்கு விளக்கம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தோழிக்கு இது நடந்தது. அவர் அழவில்லை, கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயமானது. மனைவியோ கணவரோ உடன் வர வேண்டும் என்றால் அவருடைய வேலையை ஊதியமில்லா விடுப்பில் காத்து வையுங்கள். திரும்பும் நாளில் ஒரு நாற்காலி இருக்கிறது என்று தெரிந்தாலே இங்கே இருக்கும் காலம் வேறு மாதிரி இருக்கும்.

பிள்ளைகளின் அன்றாடத்தைப் பற்றியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதைத்தான் இரண்டாவது தேதி வந்து கலைத்துப் போடுகிறது. முதல் மாதங்களில் தயிர் சாத டப்பாவை மூடியபடியே திருப்பிக் கொண்டுவந்த பிள்ளை, கொஞ்ச நாளில் வெள்ளரித் துண்டும் ரொட்டியும் கேட்க ஆரம்பிக்கும். மழை பெய்தாலும் ரப்பர் பூட்ஸும் சேற்றுக் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு வெளியே ஓடும். நவம்பர் 11 புனித மார்ட்டின் நாளையொட்டிக் கையால் செய்த காகித விளக்கைப் பிடித்துக்கொண்டு இருட்டில் பாடியபடி ஊர்வலம் போகும். டிசம்பர் 5 இரவு, புனித நிக்கோலஸ் வந்து பரிசு வைப்பார் என்று காலணியைத் துடைத்து வாசலில் வைக்கும். வீட்டில் தமிழ், வெளியே ஜெர்மன் என்று தானாகப் பிரித்துக்கொள்ளும். பள்ளியில் சேரும் நாளில் தன் உயரத்துக்குப் பாதி இருக்கும், இனிப்பு நிரப்பிய காகிதக் கூம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று உயிர்த்தோழி ஆகிவிடும். இவ்வளவுக்கும் இரண்டு ஆண்டாவது பிடிக்கும்.

அப்போதுதான் மின்னஞ்சல் வருகிறது. ப்ராஜெக்ட் முடிகிறது, அடுத்த மாதக் கடைசிக்குள் திரும்புங்கள்.

ஒரு மாத அவகாசம் என்பதன் பொருள் இங்கே என்ன என்று பார்ப்போம். வாடகை வீட்டைக் காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்பு சட்டப்படி வேண்டும். கிட்டா ஒப்பந்தத்துக்கும் தனி முன்னறிவிப்பு உண்டு. ஆள் போன பிறகும் வாடகை ஓடும், அதை ஊழியர் தன் கையிலிருந்து கட்டுகிறார். சமையலறை அலமாரியை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். பணம் போனால் போகட்டும், பிள்ளையின் ஆண்டு போகிறதே. இங்கே பள்ளி ஆண்டு ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்கி ஜூன், ஜூலையில் முடிகிறது. நம் ஊரில் ஏப்ரலிலோ ஜூனிலோ தொடங்குகிறது. டிசம்பரில் திரும்பும் பிள்ளை இங்கே பாதி வகுப்பை விட்டுவிட்டுப் போய், அங்கே பாதி முடிந்த வகுப்பில் உட்கார வேண்டும், அதுவும் இடம் இருந்தால். ஜெர்மனில் படிக்கக் கற்ற குழந்தைக்கு ஆங்கில வாசிப்பு எளிதில் வராது. தமிழ்நாட்டுக்குத் திரும்பினால் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த கட்டாயத் தமிழ்ப் பாடம் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை என்பதால் கொஞ்சம் தேறிவிடும். ஆனால் திரும்பும் இடம் சென்னை என்று நிச்சயமா? பெங்களூரு அலுவலகத்தில் சேரச் சொன்னால் அங்கே 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னடம் படிக்க வேண்டும். ஏழு வயதில் நான்காவது மொழி.

இங்கே இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு வயதுக்கு மேல் பள்ளிக்குப் போவது கட்டாயம், வீட்டிலிருந்து படிக்க அனுமதி இல்லை. விடுமுறை தொடங்கும் முன்பே அனுமதியின்றிப் பிள்ளையை அழைத்துக்கொண்டு விமானம் ஏறினால் அபராதம் உண்டு. 2018-இல் பவேரியாவின் மெம்மிங்கன் விமான நிலையத்தில் அப்படிப் புறப்பட்ட குடும்பங்களைப் போலீஸ் விசாரித்தது செய்தியாக வந்தது. ப்ராஜெக்ட் ரிலீஸ் முடிந்த பிறகு விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் சொல்லும் தேதிக்கும் பள்ளி விடுமுறைக்கும் பொருத்தமே இருக்காது. தாத்தா பாட்டியைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை போவதே இதனால் தட்டிப்போன குடும்பங்கள் உண்டு. பள்ளிப் பிள்ளை உள்ளவர்களுக்கு விடுப்பை முதலில் ஒதுக்கிவிட்டு மற்றவர்களுக்கு அப்புறம் பாருங்கள். விடுமுறை அட்டவணையை ஒவ்வொரு மாநிலமும் பல ஆண்டுகளுக்கு முன்பே வெளியிட்டுவிடுகிறது. தேடி எடுக்க ஐந்து நிமிடம் போதும்.

கிளையண்ட் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது எனக்கும் புரிகிறது. எல்லா அழைப்பையும் ஆறு மாதம் முன்பே சொல்ல முடியாது. ஆனால் என் கணவரின் நண்பர் ஒருவருடைய மேலாளர் செய்ததைச் சொல்கிறேன். பிப்ரவரியில் ப்ராஜெக்ட் நின்றது. அவருடைய பெண் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். மேலாளர் உடனே இதே நாட்டில் வேறொரு குழுவில் ஜூலை வரை பாதி நேர வேலை ஏற்பாடு செய்துகொடுத்தார், மீதிப் பாதி நேரம் இந்தியாவுக்கு வேலையை ஒப்படைக்கும் பணி. குடியிருப்பு அனுமதிக்குச் சிக்கல் வராதபடி குடியேற்ற விவகாரங்களைப் பார்ப்பவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டார். ஜூலைக் கடைசியில் பள்ளி முடிந்தது, பெண் தோழிகளிடம் சொல்லிக்கொண்டு, மதிப்பெண் சான்றிதழோடு கிளம்பினாள். அவர் வகுத்த புது விதி எதுவும் இல்லை. நாலைந்து தொலைபேசி அழைப்புகள்தான். விரும்பினால் முடிகிறது என்பதற்கு அது போதும்.

எல்லா மேலாளரும் அவ்வளவு நல்லவராக இருப்பார் என்று நம்பி இருக்க முடியாது, அதனால் இதை விதியாகவே எழுதுங்கள் என்கிறேன். பள்ளியிலோ கிட்டாவிலோ பிள்ளை உள்ள ஊழியரைத் திரும்ப அழைத்தால் குறைந்தது மூன்று மாத முன்னறிவிப்பு தரப்படும் என்று. தர முடியாமல் போனால் அந்த மாதங்களின் வாடகையையும் கிட்டா கட்டணத்தையும் நிறுவனம் ஏற்கும் என்று. பிள்ளை பள்ளி ஆண்டை முடிக்கும் வரை குடும்பம் மட்டும் தங்க விரும்பினால், முடிந்தவரை அதற்குக் காப்பீடும் ஆவணங்களும் தொடரும் என்று. ஆன்சைட் கடிதத்தில் மடிக்கணினியைத் திருப்பித் தருவது பற்றி ஒரு பத்தி இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கட்டும்.

அப்புறம், கையெழுத்து வாங்கும் முன் கணவன் மனைவி இருவரையும் ஒரு அழைப்பில் உட்கார வைத்துப் பேசுங்கள். இதுவரை எங்களில் யாரிடமும் எந்த மனிதவளத் துறையும் பேசியதில்லை. பிள்ளைக்கு என்ன வயது, ஊசி போட்டாயிற்றா, அடுத்த குழந்தை எதிர்பார்க்கிறீர்களா, அம்மா அப்பாவை அழைத்துக்கொள்ள வேண்டியிருக்குமா என்று கேட்டால் நாங்கள் பதில் சொல்வோம். உங்கள் திட்டமும் அப்போது சரியாக வரும். ஏற்கெனவே இங்கே பிள்ளைகளோடு இருக்கும் ஒரு குடும்பத்தின் எண்ணையும் அவர்கள் சம்மதத்தோடு புதிதாக வருபவர்களுக்குக் கொடுங்கள். நாங்கள் எந்தக் கிட்டாவில் இடம் காலியாகப் போகிறது, எந்தப் பிள்ளை மருத்துவர் புது நோயாளிகளை எடுக்கிறார், இரவில் காய்ச்சல் வந்தால் மருத்துவர் சேவைக்கான 116117-ஐ எப்போது அழைப்பது, உயிர் ஆபத்துக்கான அவசர எண் 112-ஐ எப்போது அழைப்பது என்று சொல்லித் தருவோம். இதை இப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறோம், வாட்ஸாப்பில், யாரும் கேட்காமலே.

இந்த மடலைப் படிப்பவர்களில் யாரிடமாவது டிசம்பரில் திரும்ப வேண்டியவர்களின் பட்டியல் இப்போது இருந்தால், அதில் பள்ளிப் பிள்ளை உள்ள குடும்பங்கள் எவை என்று முதலில் பாருங்கள். அந்தச் சில பேருக்கு மட்டும் ஜூலை வரை நேரம் தர முடியுமா என்று கிளையண்டிடம் இந்த வாரமே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் வசிக்கும் ஒரு தாய்